கிலுகிலுக்கும் மண்பொம்மை

குழந்தையின் உள்ளங்காலில் மறுபடியும் சிவப்புத் தூள். நேற்றுத்தான் நிசாந்தினி ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துவிட்டிருந்தாள்.

"நீங்களோ பிள்ளையின்ர காலில குங்குமம் பூசினது?"

"விசரே உமக்கு? நான் ஏன் பூசுறன்?" பிரதாபன் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான்.

அவன் வேலையே அவளுக்கு எரிச்சல்தான். செத்தவர்களின் வீடுகளை ஒழித்துக் கொடுப்பது, கண்ட குப்பையையும் இங்கே அள்ளிக்கொண்டு வருவது. போன கிழமை மார்க்கம் நகரில் செத்துப்போன ஒருவரின் வீட்டிலிருந்து இந்த மண்பொம்மை வந்தது. கைக்குள் அடங்கும் ஒரு பெண். கண்கள் பாதி மூடியிருக்கும். உள்ளே வெறும் கூடு. ஆட்டினால் மண் உருண்டைகள் கிலுகிலுக்கும். பார்த்தவுடனேயே அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பிறந்ததிலிருந்து வீறிட்டுக் கத்திய மயூரி, அதைக் கையில் பிடித்ததும் அடங்கிப்போனாள். பிறகு அழவேயில்லை. அப்பாடா என்று நிசாந்தினியும் விட்டுவிட்டாள்.

மோர்னிங்சைட்டில் அவர்கள் இருந்த பேஸ்மென்டுக்கு ஒரேயொரு சன்னல், அதுவும் நிலமட்டத்தில். காலையிலிருந்து கொட்டிய பனி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டுவர, ஹீட்டரின் சூட்டையும் அடுப்பில் வேகும் பருப்பின் வாசத்தையும் மீறி, தோண்டிப்போட்ட ஈரமண்ணின் மணம் தொட்டில் பக்கமிருந்து வந்துகொண்டே இருந்தது.

போன் அடித்தது.

"அந்தப் பொம்மையைப் பிள்ளையிட்ட இருந்து எடும்." பிரதாபன்தான். "செத்தவரின்ர மகள் இப்பதான் சொன்னவ. மெக்சிக்கோவில ஒரு பழைய புதைகுழிக்குள்ள கிடந்ததாம். செத்த பிள்ளைக்குச் சிவப்புத் தூள் பூசி, துணைக்கு அதைக் கையில குடுத்துப் புதைக்கிறவையாம்."

போனை எறிந்துவிட்டு ஓடினாள். மயூரி தூங்கிக்கொண்டிருந்தாள். சிவப்பு முழங்கால்வரை ஏறியிருந்தது. பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பொம்மையைப் பிடுங்கினாள். வெறுங்காலோடு படியேறினாள். கதவைத் திறந்து பனிக்குள் வீசினாள்.

"துலைஞ்சு போ, சனியனே!"

திரும்பிப் படியிறங்கும்போதுதான் உறைத்தது. அவ்வளவு ஓட்டத்திலும் பொம்மை கிலுகிலுக்கவில்லை.

கீழே இருட்டு. சன்னல் முழுக்க மூடிவிட்டது.

"மயூரி?"

கிலுகிலு.

தொட்டிலிலிருந்துதான். எட்டிப் பார்த்தாள். குழந்தையின் கைகள் இரண்டும் விரிந்து கிடந்தன. வெறும் கைகள்.

கன்னத்தைத் தொட்டாள். குளிர். சொரசொரப்பு.

கண்கள் பாதி மூடியிருந்தன.

வாரியெடுத்தாள். எடையே இல்லை. நெஞ்சோடு அணைத்தாள்.

பிள்ளையின் வயிற்றுக்குள் மண் உருண்டைகள் உருண்டன.