ஐந்தாவது தொட்டி

சென்சார் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது. ஒயரைச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, ஹர்ஷினியே தன் கையால் உள்ளே வைத்து மூடியது. ஆனாலும் திரையில் ஐந்தாவது வரி 36.8 டிகிரி என்று காட்டிக்கொண்டிருந்தது.

அந்த வரி பூஜ்யம் காட்ட வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் சிட்டிபாபுவின் சாயப்பட்டறையில் இருந்தவை நான்கே தொட்டிகள். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு வெப்ப சென்சார். நான்கின் ஒயர்களும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் போகும். பெட்டியிலிருந்து யுஎஸ்பி சீரியல் அடாப்டர் என்கிற விரல் நீள இணைப்பான் வழியாகச் சுவரோரத்து லினக்ஸ் கணினிக்குச் சூடு எவ்வளவு என்ற செய்தி வரும். பெட்டியின் ஐந்தாவது துளையில் எதுவும் செருகப்படவில்லை.

சிட்டிபாபு மலிவாக வாங்கிய அந்த அடாப்டரில் இருந்தது போலிச் சிப். கணினியின் அடிமட்டத்தில் ஓடும் கெர்னல் அதை ஏற்காது. அதனால் அடாப்டரை இயக்கும் டிரைவர் என்கிற நிரலில் சில வரிகளை மாற்றி, ஹர்ஷினி ஒரு பேட்ச் எழுதிக் கொடுத்திருந்தாள். கெர்னல் புதிதாக வரும்போதெல்லாம் பேட்ச் பொருந்தாமல் போகும். பழைய டிரைவரை இறக்கி, திருத்தியதை ஏற்ற வேண்டும். செவிலிமேட்டு வீட்டு முன்னறையில் உட்கார்ந்தபடியே, பட்டறைக் கணினிக்குள் நுழைந்து அவள் அதைச் செய்து வந்தாள். பக்கத்து அறையில் கனத்த திரைச்சீலைகளுக்குப் பின்னால் கணவன் ஆதீஷ் தூங்கிக்கொண்டிருப்பான். ஒரகடத்துத் தொழிற்சாலையில் அவனுக்கு எப்போதும் இரவு ஷிப்ட். பகல்தான் அவனுக்கு ராத்திரி.

போன வாரம் பெட்டியை வீட்டுக்கே வரவழைத்துப் பழுது பார்த்தாள். ஐந்தாவது துளை தாறுமாறாக எண்களைக் கொட்டியது. சரியா தப்பா என்று பார்க்க, சூடு இன்னதென்று தெரிந்த ஒரு பொருள் வேண்டியிருந்தது. எழுந்து போய், சென்சாரைத் தூங்குகிறவனின் அக்குளில் செருகினாள்.

"என்ன பண்றே?" என்றான் அவன், கண்ணைத் திறக்காமலே.

"டெஸ்ட்டுங்க. நீங்க தூங்குங்க."

பேட்ச்சில் ஒரு வரி மாற்றியதும் 36.8 என்று வந்து நின்றது. சிரித்துக்கொண்டே சென்சாரை எடுத்தாள். பெட்டி பட்டறைக்குத் திரும்பிப் போனது.

அந்த எண் மட்டும் போகவில்லை.

பழைய செய்தி எங்கோ தேங்கி நிற்கிறது, தன் பேட்ச்சில்தான் ஓட்டை என்று முதலில் நினைத்தாள். தேங்குகிற இடத்தையெல்லாம் துடைத்துவிட்டுப் பார்த்தாள். 36.8. பிறகு பார்த்தால் 36.5. தேங்கி நிற்கும் எண் மாறாதே! இது மாறியது. வெயில் ஏறிய மதியத்தில், தெருவில் டவுன் பஸ் போன அதிர்வு அடங்கி, பக்கத்து அறையில் மின்விசிறியின் கிறுகிறுப்பும் அதற்கடியில் அவன் குறட்டையும் மட்டும் கேட்கையில், குறட்டை ஆழமாக ஆக எண் மெல்ல இறங்குவதை அவள் பார்த்தாள். அவன் எழுந்து மாடியில் துணி எடுக்கப் போனான்; ஏறியது. குளித்துவிட்டு வந்தான், கொஞ்சம் இறங்கியது. காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை அவன் நாக்கின் அடியில் வைத்தாள். அதிலும் திரையிலும் ஒரே எண்.

"எனக்கு ஒண்ணும் இல்லமா. நீதான் ஒரு மாதிரி இருக்குற," என்றான்.

அவள் தெர்மாமீட்டரைத் துடைத்து வைத்தாள். என்னவென்று சொல்வது?

அடுத்த கெர்னல் வந்தது. ஓட்டை எதுவானாலும் இதோடு போகட்டும் என்று பட்டறைக் கணினியில் டிரைவரை இறக்கினாள். ஐந்து வரிகளும் அணைந்தன. நிம்மதியாக மூச்சு விட்டபோதுதான் வீட்டில் ஏதோ ஒரு சத்தம் குறைவது தெரிந்தது. மின்விசிறி ஓடியது. பிரிட்ஜ் முனகியது. குறட்டை இல்லை.

ஆதீஷ் கண்ணைத் திறந்தபடி கிடந்தான். கன்னத்தைத் தொட்டாள். மார்கழி விடியலில் கால் வைத்த தரை போல இருந்தது. உலுக்கினாள். மொத்த உடம்பும் ஒரே பலகையாக ஆடியது. ஓடினாள். டிரைவரை ஏற்றினாள், விரல்கள் இரண்டு முறை தப்பாகத் தட்டின. ஐந்தாவது வரி வந்தது. 31. 33. அறைக்குள், தண்ணீருக்கடியிலிருந்து தலை தூக்குகிறவனைப் போல அவன் மூச்சை இழுத்தான்.

"கெணத்துல வுழுந்த மாதிரி கனவுமா," என்றான், பற்கள் அடிக்க. "மேல யாரோ மூடிட்டாங்க."

டாக்டர் இசிஜி எடுத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. ஷிப்ட்டை மாற்றிக்கொள்ளச் சொன்னார்.

அதற்குப் பிறகு ஹர்ஷினி டிரைவரைத் தொடவில்லை. புதுக் கெர்னல் தானாக ஏறிவிடாதபடி பூட்டினாள். பட்டறையில் கரண்ட் போனால்? சொந்தக் காசில் இன்னொரு யுபிஎஸ் வாங்கிப்போய் வைத்தாள். அடாப்டரை யாரும் பிடுங்கிவிடாதபடி அதன் மேல் டேப்பைச் சுற்றினாள். சுற்றும்போது அது அவள் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது. சமைக்கும்போதும் போனில் அந்த எண்ணைத் திறந்து அடுப்பு மேடையில் சாய்த்து வைத்துக்கொண்டாள். இப்படியே எத்தனை வருடமானாலும் காத்துவிடலாம் என்று ஒரு தைரியம் மெல்ல வந்தது.

அப்போதுதான் சிட்டிபாபு போன் பண்ணினார்.

"அஞ்சாவது தொட்டி எறக்கியாச்சுமா. கருட சேவை அன்னிக்கு ஆரம்பிச்சிடலாம்னு இருக்கேன்."

"எதுக்கு சார் அந்தத் தொட்டி?"

"பசை எடுக்கத்தாம்மா. கச்சாப் பட்டுல ஒரு பசை இருக்குதில்ல? சோப்பு, சோடா போட்டுக் கொதிக்க வெச்சா அது உட்டுடும். அப்புறம்தான் நூல் பளபளன்னு வரும்."

"வேணாம் சார். அந்த லைன்ல பிரச்சனை இருக்குது. நான் சொல்ற வரைக்கும் தொடாதீங்க."

"நீங்கதானேமா சரி பண்ணிக் குடுத்தீங்க? ஒயரே போடல, அதுக்குள்ள முப்பத்தாறு டிகிரி காட்டுதே," என்று சிரித்தார். அவள் அழுகிற குரலில் கெஞ்சியதும், "சரிமா, சரிமா. நீங்க சொல்ற வரைக்கும் தொடல," என்றார்.

கருட சேவை அன்று காலை ஆதீஷ் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தான். வைகாசி வெயில் ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக நின்றது. உள்ளே திரைச்சீலைகளின் பழுப்பு இருட்டு. ஊரே பெருமாளைப் பார்க்கப் போயிருந்ததில் தெருவில் ஒரு சைக்கிள் மணிகூட இல்லை. ஹர்ஷினி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே திரையைப் பார்த்தாள்.

36.4.

37.9.

கத்தி நின்றது.

39.

சிட்டிபாபுவைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி. எடுத்தார், மேளமும் நாகசுரமும் கூட்டத்தின் இரைச்சலும்தான் கேட்டன. "அப்புறம் பேசுறேம்மா, சாமி வருது," என்று வைத்துவிட்டார். பட்டறை நம்பரை அழுத்தினாள். தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் மயில்வாகனம் எடுத்தார்.

"அஞ்சாவது தொட்டிய ஆஃப் பண்ணுங்க!"

"சார்தாம்மா தேங்கா ஒடைச்சிட்டு, புது ஒயரச் சொருவி ஆன் பண்ணச் சொன்னாரு."

"ஆஃப் பண்ணுங்க! என் வீட்டுக்காரர் செத்துடுவாரு!"

"இன்னாமா பேசுற? உன் வீட்டுக்காரர் இங்க எங்க இருக்காரு?" பின்னால் தண்ணீர் சூடேறும் முனகல். "நூல் உள்ள எறங்கிடுச்சு. பாதியில நிறுத்தினா மொத்தமும் வீணாப் பூடும். தொண்ணூத்தஞ்சு டிகிரில அரை மணி கொதிக்கணும். சார் வந்து சொல்லட்டும்."

போன் அணைந்தது. திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை.

"ஹர்ஷினி," என்று அறையிலிருந்து கூப்பிட்டான். "ஃபேன் போடேன்."

ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கதவைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. சோப்பும் சோடாவும். அதற்கடியில் ஈரத்தில் ஊறிய செத்த பூச்சியின் வாடை. ஆதீஷ் பனியனைக் கழற்றி எறிந்திருந்தான். முகம், மார்பு, கழுத்து எல்லாம் ஒரே சிவப்பு. குளியலறையிலிருந்து பக்கெட்டோடு ஓடிவந்து அவன் மேல் ஊற்றினாள். தண்ணீர் அவன் தோளில் பட்டதும் சுர்ரென்றது. ஆவி எழுந்தது. முன்னறையில் எண் ஒரு புள்ளிகூட இறங்கவில்லை.

58.

இவ்வளவு சூட்டில் ஒரு மனிதன் பேச முடியாது. மூச்சு விட முடியாது. அவன் பேசினான். அந்த வரி எரிகிற வரைக்கும் அவனுக்குச் சாவில்லை என்று அவளுக்குப் புரிந்தது.

71.

"என்னமோ பண்ணு. நிறுத்துமா. நிறுத்து."

டிரைவரை இறக்கினால் குளிர்ந்துவிடுவான். பலகையாகிவிடுவான். இந்த முறை திரும்ப ஏற்றக் கூடாது. ஏற்றாமல் இருக்க வேண்டும். அவளால் முடியுமா? உள்ளே அவன் கத்தத் தொடங்கினான். முடியும்.

மேசைக்கு ஓடினாள். டிரைவரை இறக்கும் கட்டளையைத் தட்டினாள்.

திரை ஒரே ஒரு வரியில் பதில் சொன்னது. இறக்க முடியாது, பயன்பாட்டில் இருக்கிறது.

மறுபடி தட்டினாள். பயன்பாட்டில் இருக்கிறது.

பட்டறைக் கணினியையே அணைத்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. வரிகள் ஒவ்வொன்றாகப் போயின. இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று செய்தி வந்தது. அதன் கீழே, கறுப்புத் திரையில், ஐந்தாவது வரி மட்டும் நின்றது.

95.

ஏறவில்லை. இறங்கவில்லை. நின்றது.

கத்தல் நின்றுவிட்டது.

மின்விசிறியின் கிறுகிறுப்பு. சொட்டு. சொட்டு. ஆவி கதவிடுக்கு வழியாக முன்னறைத் தரைக்குத் தவழ்ந்து வந்து அவள் பாதங்களைத் தொட்டது. நாற்காலியிலிருந்து எழுந்தாள். ஆவியை மிதித்துக்கொண்டு கதவுவரை போனாள்.

கதவைத் தள்ளினாள்.

ஆதீஷ் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கண்கள் வெந்த முட்டை போல வெளுத்திருந்தன. வலி எதுவும் முகத்தில் இல்லை. இடது மணிக்கட்டைத் தொடைமேல் வைத்து, வலது கை விரல்களால் எதையோ தேடித் தடவினான். நுனி கிடைத்தது. இழுத்தான். ரத்தம் வரவில்லை. ஈரமாக, மெல்லியதாக, திரைச்சீலை இடுக்கின் வெயிலில் பளபளவென்று மின்னியபடி, அது முழங்கை வரைக்கும் நீளமாக உரிந்து வந்தது.

"அரை மணி ஆச்சாமா?" என்று கேட்டான், அவள் நின்ற பக்கம் திரும்பாமலே. பிறகு அறுந்துவிடாதபடி மெதுவாக, தோள்பக்கமாக மேலே பிரித்துக்கொண்டு போனான்.