மூன்றாவது ஓட்டம்

இரண்டாவது அட்டையைச் செருகியதும், எதிரி சுடுவதற்கு முன்பே மாசானத்தின் திரையில் குண்டு தெரிந்தது.

முன்வரை அட்டை வந்த பிறகு கணினி ஆட்டமெல்லாம் இப்படித்தான். ஆடுபவரின் கைப்பழக்கத்தைப் படித்து, அடுத்த கணத்தை அது முன்கூட்டியே வரைந்துவிடும். ஆட்டக்கூடங்களில் ஆட்கள் சம்பளத்துக்கு ஆடினார்கள். கோடிப்பேர் வீட்டிலிருந்து வேடிக்கை பார்த்தார்கள். மாசானம் ஆறு வருடமாக அந்நிய ஊரில் ஆடுகிறான். வயது நாற்பத்தொன்று, விரல் தளர்ந்துவிட்டது. தொள்ளாயிரம் புள்ளிக்குக் கீழே போனால் விசா ரத்து. ஒரு அட்டையோடு அவனுக்கு எண்ணூற்றுப் பன்னிரண்டுதான் வந்தது. இரண்டாவது அட்டையால் பயன் உண்டு என்று சோதனை காட்டினால் வேலை தப்பிக்கும்.

"தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணு," என்றாள் சோதனைப் பிரிவு பெனிட்டா. தூத்துக்குடிக்காரி. "போதும்ணே. அனுப்பிருதேன்."

"மூணாவது ஓட்டம் இருக்குல்லா?"

விதிப்படி மூன்று ஓட்டம்: ஒரு அட்டை, இரண்டு அட்டை, கடைசியில் கையே படாமல் ஒன்று. ஆள் இல்லாவிட்டால் புள்ளி எவ்வளவு விழுகிறது என்று பார்க்க. அதை யாரும் ஓட்டுவதில்லை. பூஜ்யம் என்று எழுதிவிடுவார்கள்.

"அதுல என்ன வரப்போவுது? சைபர்னு எழுதிட்டேன்."

"அழி. நான் இல்லாம அது என்னத்த கிழிக்கும்னு மேல இருக்கவனுவ பாக்கட்டும்."

"வீம்புக்கு ஒரு அளவு வேணும்ணே. ஓட்டுனா கணக்கு நேரா மேல போயிரும். பெறவு என்னால மாத்த முடியாது."

"போவட்டும். ஏளா, ஓட்டு."

மாசானம் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். முதல் அட்டை உலகத்தை வரைந்தது. இரண்டாவது அட்டை அவனை வரைந்தது. இடப்பக்கம் பதுங்குவது, குனிந்து ஓடுவது, எல்லாம் அவனுடையதுதான். தடுமாற்றம் மட்டும் இல்லை.

"எவ்வளவு?"

பெனிட்டா திரையைத் திருப்பினாள். தொள்ளாயிரத்து எழுபது. கீழே இயந்திரம் தானாக எழுதியிருந்தது: 'வேகத்துக்குத் தடை: ஆடுபவர்.'

"நான் சொன்னேம்லா," என்றாள் மெதுவாக.

மறுநாள் கடிதம் வந்தது. விசாவை இரண்டு வருடம் நீட்டியிருந்தார்கள். வெறும் நாற்காலியை யார் வேடிக்கை பார்ப்பார்கள்? ஒரு முகம் வேண்டும், வியர்வை வேண்டும். அவன் கையில் பிடித்து ஆடும் ஆட்டப்பிடியின் ஒயரை மட்டும் கழற்றிக்கொண்டு போனார்கள். கூடத்திலிருந்த இருநூறு பேருக்கும் அப்படியே. அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

முதல் ஆட்டத்தில் மாசானம் வேண்டுமென்றே பிடியைத் தப்பான பக்கம் திருப்பினான். திரையில் அவன் ஜெயித்தான். பார்வையாளர்கள் அவன் பெயரைச் சொல்லிக் கூச்சலிட்டார்கள்.

அடுத்த ஆட்டத்தில் திரையைப் பார்த்து, அது செய்வதை அப்படியே செய்தான். முடிந்ததும் மேலிடத்திலிருந்து எச்சரிக்கை வந்தது.

'நடிப்பில் கை பிந்துகிறது. இது தொடர்ந்தால் முகத்தையும் அட்டையே வரைந்துகொள்ளும்.'