சுந்தரேஸ்வரியின் இரண்டு பாட்டில்கள்

"கடலே இல்லாத கோவில்பட்டியில இருந்துகிட்டு கடலைக் கழுவப் போறாளாம்" என்றான் காளிராஜ். ஏழாம் வகுப்பே சிரித்தது.

சுந்தரேஸ்வரி சிரிக்கவில்லை. ஜன்னலோரம் வைத்திருந்த தன் இரண்டு பாட்டில்களையும் பார்த்தாள். இரண்டிலும் தூத்துக்குடியில் படகுகள் நிற்கும் இடத்துக் கடல் தண்ணீர். மீன் விற்க வரும் வேதமாணிக்கம் அண்ணாச்சி கேனில் கொண்டுவந்து கொடுத்தது.

"எண்ணெயைத் தின்கிற பாக்டீரியா அதில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது" என்று ஸ்டெல்லாமேரி டீச்சர் சொல்லியிருந்தார்.

ஒவ்வொரு பாட்டிலிலும் ஐந்து சொட்டு டீசல் விட்டு, தினமும் கலக்கினாள். பத்து நாள் ஆகியும் டீசல் அப்படியே மிதந்தது.

"அறிவியல் கண்காட்சிக்கு மூணு வாரந்தான் இருக்கு. வேற ஏதாவது செய்யுதியா?" என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர். செஞ்சு காட்டுதேன்னு அண்ணாச்சிகிட்டச் சொல்லிட்டேன்."

படகுகளிலிருந்து கடலில் கசியும் டீசலால் மீனில் வாடை அடிக்கிறது என்று வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்தபோது, அண்ணாச்சி முகம் வாடியதை அவள் பார்த்திருக்கிறாள். "ஒன் பூச்சி வேலை செஞ்சா மொதல்ல எனக்குச் சொல்லு பாப்பா" என்று கேட்டிருந்தார்.

சனிக்கிழமை, அப்பாவோடு மக்காச்சோளத்துக்கு டிஏபி உரம் வைத்தாள். கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டது.

"அதான் மழை பெஞ்சிட்டுல்லாப்பா, உரம் எதுக்கு?"

"ஏட்டி, வெறுஞ்சோத்தைப் போட்டா நீ திம்பியா?"

"குழம்பு வேணும்."

"பயிருக்கும் அப்படித்தான்."

சுந்தரேஸ்வரி உரச்சட்டியோடு நின்றுவிட்டாள்.

திங்கட்கிழமை டீச்சரிடம் ஓடினாள். "பாக்டீரியாவுக்கு வெறும் டீசலை மட்டும் வச்சிருக்கோம் டீச்சர். குழம்பு ஊத்தலாமா?"

காகிதத்தில் மடித்திருந்த டிஏபியைப் பார்த்ததும் டீச்சருக்குப் புரிந்தது. "போட்டுப் பாரு."

"ஒரு பாட்டில்ல மட்டும் போடுதேன். அப்பத்தான் எதால ஆச்சுன்னு தெரியும்."

ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினாள். அந்தப் பாட்டில் ஒரு வாரத்தில் கலங்கியது. மறுவாரம் டீசல் துணுக்குத் துணுக்காக உடைந்தது.

கண்காட்சி அன்று, உரம் போடாத பாட்டிலில் டீசல் பளபளத்தது. மற்றதில் மேலே ஒன்றுமே இல்லை.

வேதமாணிக்கம் மீன் பெட்டி கட்டிய வண்டியோடு வந்துவிட்டார். உரம் போட்ட பாட்டிலை முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். பிறகு போனில் தம்பியை அழைத்தார்.

"ஏலே, நம்ம கடலுக்குக் கரிசக்காட்டுப் பிள்ளை வைத்தியம் பாத்திருக்கா."

"கடல் ரொம்பப் பெருசு அண்ணாச்சி. இப்ப பாட்டில்லதான் பாத்திருக்கேன்" என்றாள் சுந்தரேஸ்வரி.

காளிராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பாட்டிலில் ஒரு சீட்டை ஒட்டினான். 'கோவில்பட்டி பாக்டீரியா' என்று எழுதியிருந்தது.

"தப்புலே" என்று பேனாவை வாங்கி, அவள் அடித்துத் திருத்தினாள்:

'தூத்துக்குடி பாக்டீரியா, கோவில்பட்டி குழம்பு.'