அழித்த விரிசல்

கொசுவர்த்திச் சுருள் மூன்றாவது முறையும் அணைந்திருந்தது. மேசைமேல் வைத்தால் கனல்கிறது. தரையில் வைத்தால் யாரோ நசுக்கினாற்போல் அணைகிறது.

"ஏட்டி, ஆலைப் புகையையெல்லாம் கடலுக்கு அடியில புதைக்கப் போறவளுக்கு, இந்தக் கொசுவ வெரட்டத் துப்பில்ல பாரு!"

பாயில் கிடந்த சங்கரகணேஷ் சிரித்தான். முதுகெலும்பு விலகியதிலிருந்து அவனுக்குத் தரைதான் படுக்கை. வீட்டுக்கு மனைவி மீனலோசினியின் சம்பளம்தான் சோறு.

அவள் சிரிக்கவில்லை. மடிக்கணினியில் கடலடிப் பாறையடுக்குகளின் படம். கரியமில வாயுவை இறக்கிவைக்க மணற்பாறை. அது மேலேறாமல் தடுக்க, மூடிபோல் களிப்பாறை. அந்த மூடியில் மயிரிழையாய் ஒரு விரிசல் இருந்தது. மத்தியானம் சென்னையிலிருந்து மேலதிகாரி ஆனந்த்சங்கர் போனில் பேசினார்.

"அது விரிசல் இல்லம்மா, கருவிப் பதிவுல விழுந்த வெறும் இரைச்சல். அழிச்சிட்டு அனுப்புங்க. வேலை வேணுமா, வேண்டாமா?"

அழித்தாள். இங்கே வாயு கசியாது என்று எழுதி அனுப்பியும் விட்டாள்.

அந்தி மங்கும்போது கரண்ட் போனது. மின்விசிறி முனகி ஓய்ந்தது. திருவேங்கடம் போகும் பஸ்ஸின் ஹாரன் தெருமுனையில் தேய்ந்து மறைந்தது. அதன் பின் வந்த அமைதியில், கடலே இல்லாத சங்கரன்கோவிலில், சுவரோரமிருந்து உப்புச்சேற்றின் வாடை மெல்லக் கிளம்பி, ஈரத்துணிபோல் அவள் கணுக்காலைச் சுற்றிக்கொண்டது.

"என்னங்க, எந்திரிங்க. கட்டிலுக்கு வாங்க."

"ஒடஞ்ச முதுக வச்சுக்கிட்டு எங்கன எந்திரிக்க? தூக்கம் தூக்கமா வருதுட்டி. விடு."

தீக்குச்சி கிழித்துக் குனிந்தாள். முழங்காலருகே அணைந்தது.

அவளுக்குத் தெரியும். காற்றைவிடக் கனமான வாயு. தாழ்ந்த இடத்தில் தேங்கும். மூச்சை நிறுத்தும்.

கதவைத் திறந்துபோட்டாள். அது வெளியே போகவில்லை.

இன்னொரு குச்சி. இடுப்பளவில் அணைந்தது.

அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. தலை சுற்றியது. மூச்சுக்காக மேசைமேல் ஏறினாள். அவனை விட்டுவிட்டு.

மடிக்கணினிப் படத்தில் விரிசலைத் திரும்ப வரைந்தாள். கோடு மறைந்தது. மறுபடி வரைந்தாள். மறைந்தது. ஒப்புதல் ஆகிவிட்டது என்றது திரை.

"கசியாதுன்னுதானேட்டி எழுதுன?"

கீழிருந்து. அவன் குரல்தான்.

திரையைத் திருப்பி வெளிச்சம் காட்டினாள்.

கண்கள் திறந்திருந்தன. நிலைகுத்தி. வாயும் திறந்திருந்தது. சொட்டுத் தண்ணீர் இல்லாத அந்த அறையில், அவன் வாயிலிருந்து ஒவ்வொன்றாய், உருண்டு திரண்டு, நீர்க்குமிழிகள் கூரையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன.