சிரிப்பதற்கு வந்தவள்

ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தவர்கள்: பாட்டு எழுதிப் பாடுகிறவன். டிரம்மர். கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர். சிரிப்பதற்காக வந்த பெண். அப்புறம், டிரம்மரின் டிஷர்ட்டில் அச்சாகியிருந்த கொலைகாரன். டிரம்ஸ் மறைத்ததால் அவன் முகம் இன்னும் அவள் கண்ணில் படவில்லை.

வழக்கமாக வருகிறவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவளுக்குப் பதிலாக வந்தவள் இவள். மழையில் நனைந்த முடி கன்னத்தில் ஒட்டியிருந்தது. கண்கள் மட்டும் எதையும் நம்பாமல் பார்த்தன... பாடகன் கிதாரை மீட்ட மறந்தான்.

"ஒரு சிரிப்பு... அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான். சிரிக்க வருமா, முறைக்க மட்டும்தானா?"

"ஜோக் நல்லா இருந்தா வரும்."

ஒலிப்பதிவாளர் சிரித்துவிட்டார்.

ஹெட்ஃபோன் மாட்டினாள். மேடைகளில் பிரபலமான பாட்டு, இப்போதுதான் பதிவாகிறது. உண்மைக் கொலைகளைக் காட்டும் டிவி தொடர் பார்த்து எழுதியது. கொலைகாரன் ராஜா மாதிரி நடந்து வருகிறான். மஞ்சள் கதவு. ஒருத்தி சிரித்துக்கொண்டே திறக்கிறாள்... அங்கேதான் இவள் சிரிக்க வேண்டும்.

சிரிக்கவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

"இந்தப் பாட்டுன்னு சொல்லியிருந்தா வந்திருக்கவே மாட்டேன். அது எங்க வீட்டுக் கதவு. அது எங்க அக்கா."

டிரம்மர் எழுந்தான். டிஷர்ட்டில் இருந்த முகம் அவளுக்குத் தெரிந்ததும் சட்டென்று கையால் நெஞ்சை மூடிக்கொண்டான்.

"அவ திறக்கல. தாழ்ப்பாள் போட்டு, கதவுக்கு முதுகைக் குடுத்து நின்னா. அவன் உடைச்சுட்டுத்தான் வந்தான். இப்போ ஊரெல்லாம் அவளே சிரிச்சு உள்ள விட்டாளாம்னு பேச்சு. எங்கம்மா வெளியவே வர்றதில்ல."

"டிவில அப்படித்தான் காட்டினாங்க..." பாடகனுக்கு ரோஷம். "பாட்டுன்னா கொஞ்சம் கூடக்குறைய இருக்கும்."

"கூட்டினது அவனுக்கு. குறைச்சது எங்க அக்காவுக்கு."

போய்விட்டாள்.

ரோஷம் அடுத்த மேடை வரைதான் தாங்கியது. அவள் சிரித்துக் கதவு திறக்கும் வரியைக் கூட்டமே பாடத் தொடங்கியது. பாடகன் கையைத் தூக்கி நிறுத்தினான். "அவள் திறக்கவில்லை" என்று தனியாகப் பாடினான். ஊளையிட்டார்கள். கண்ணாடி பாட்டில் ஒன்று பறந்து வந்தது. டிஷர்ட்டை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டியிருந்த டிரம்மர் மட்டும் தாளத்தை விடவில்லை.

மறுநாள் சாயங்காலம், பாடகன் ஒலிப்பதிவாளரிடம் விலாசம் கேட்டு அவள் வீட்டுக்குப் போனான். மழை. மஞ்சள் கதவில் உடைந்த இடத்தில் புதுப் பலகை, பெயின்ட் அடிக்காமல். மெதுவாகத் தட்டினான்.

"யாரு?" அவள் குரல்.

"பாட்ட மாத்திட்டேன்."

"ஃபோன்ல பார்த்தேன். நெத்தியில என்ன கட்டு?"

"ரசிகர்கள் பாராட்டு."

உள்ளே ஒரு சிரிப்பு... பாதியில் நின்றது.

"உங்கம்மாகிட்ட மன்னிப்பு கேக்கணும். உங்ககிட்ட வேற ஒண்ணு சொல்லணும். உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. கதவைத் திறக்கணும்னு இல்ல. இப்படியே போயிடறேன்."

"அம்மா... இவர்தாம்மா," என்றாள் உள்ளே.

பிறகு தாழ்ப்பாள் நகர்ந்தது.

"சீக்கிரம் வாங்க. கதவு திறந்திருந்தா அம்மாவுக்கு ஆகாது," என்றாள் அவள். அப்புறம் தரையைப் பார்த்து, மெதுவாக, "அப்படியே போயிடுவேன்னு இன்னொரு தடவை சொல்லாதீங்க..."

நனைந்தபடி உள்ளே வந்தான். அம்மா அவனை ஒரு கணம் பார்த்தாள். அவனைத் தாண்டிப் போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டு, தன் கையாலேயே பூட்டினாள்.