எதிர்வீட்டுக் கண்

காலை ஏழு மணிக்குக் குழிநகரில் எல்லா வீட்டு முன்சுவர்களும் கண்ணாடியாகிவிடும். நிலவின் தென்முனைப் பள்ளம் ஒன்றுக்குள் அடுக்கடுக்காகக் கட்டிய ஊர் அது. நடைபாதைக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு. சுவர் தெளிந்ததும் சரியாக இருபது நிமிடம் எதிர்வீட்டுக் குழந்தையை உற்றுப் பார்க்க வேண்டும். பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோசை சுட்டால் மழலைத் துறையிலிருந்து எச்சரிக்கை வரும்.

மதுரவேணிக்கு இதுவரை ஓர் எச்சரிக்கையும் வந்ததில்லை. ஆறே முக்காலுக்கே காபியோடு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். இவளை மாதிரி ஆளுக்காகவே போட்ட சட்டம் என்று நடைபாதையில் பேசிக்கொண்டார்கள். பேசியவர்கள் யார் யார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

சட்டத்துக்குக் காரணம் இருந்தது. மூன்றரை வயதுக்குள் ஆட்டிசம் இருப்பது தெரிந்துவிட்டால் தனிவழிப் பள்ளியில் உடனே இடம். அங்கே குழந்தையை மாற்றப் பார்ப்பதில்லை. அதன் மூளை போகிற வழியிலேயே கூடப் போய்ப் பேச்சும் விளையாட்டும் பழக்குவார்கள். வயது தாண்டிவிட்டால் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். பழக்கினால் சட்டென்று பிடித்துக்கொள்ளும் வயது அதற்குள் கடந்துவிடும்.

முதலில் இந்த வேலைக்கு இயந்திரங்களைத்தான் வைத்தார்கள். தன் பிள்ளைக்கு ஏதோ இருக்கிறது என்று ஊர் பேசப் பெற்றோர் விடுவார்களா? இயந்திரம் வருவதற்கு ஒரு மாதம் முன்பே குழந்தையை ட்யூஷனுக்கு அனுப்பினார்கள். பெயர் சொன்னால் திரும்பு, கண்ணைப் பார், டாட்டா காட்டு. எல்லாக் குழந்தையும் நூற்றுக்கு நூறு. ஐம்பது வருடம் ஏமாந்த துறை, கடைசியில் எதிர்வீட்டுக்காரர்களைப் பிடித்துப் பதவி கொடுத்தது. பதவியின் பெயர் எதிர்வீட்டுக் கண்.

மதுரவேணியின் பார்வைக்கு வாய்த்தது ரெஜினா அக்காவின் மகள் ஜெமிமா. மதுரவேணியின் மகன் பரிதி பிறந்த அதே வாரத்தில் பிறந்தவள். அந்தப் பெண்ணிடம் என்னவோ இருக்கிறது, அதன் அம்மாவுக்குத்தான் தெரியவில்லை என்று மதுரவேணி முடிவு செய்து பத்து மாதம் ஆகிறது.

சனிக்கிழமைதோறும் அறிக்கை கேட்கச் செவியம்மா வரும். வட்ட முகம், நூல் புடவை, முறம் அகலத்துக்கு இரண்டு காது. துறை அந்த ரோபோவுக்கு ஒரே ஒரு திறமையைத்தான் ஒழுங்காகக் கற்றுக்கொடுத்திருந்தது: நாற்பது விதமாக "அப்புறம்?" என்று கேட்பது.

"வாங்க செவியம்மா. இன்னும் இருபது நாள்ல ஜெமிமாவுக்கு மூணரை முடியுது. நீங்க பாட்டுக்குக் கதை கேட்டுட்டுப் போறீங்க. பாவம், அந்தப் பிள்ளைக்கு இடம் போயிடும்."

"அப்புறம் வேணிம்மா?"

"எதைப் பாத்தாலும் விரலை நீட்டுது. வெளியில பனிக்கட்டி வண்டி போனா விரல், விளக்கு எரிஞ்சா விரல். அதோட விடுதா? நாம பாக்கறோமான்னு நம்ம மூஞ்சியை வேற பாக்குது. ஒரு குழந்தைக்கு எதுக்கு ஊர் சாட்சி? எங்க பரிதி ஒருநாள் ஒண்ணைக் காட்டியிருப்பானா? வேணும்னா என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் அது மேல வைப்பான். அவ்வளவு அடக்கம்."

"ம்ம். அப்புறம்?"

"பேரைச் சொன்னா போதும், கையில இருக்கறதைப் போட்டுட்டு ஓடி வருது. கவனமே நிக்கலை. பரிதியைப் பத்து தடவை கூப்பிடுங்க, திரும்ப மாட்டான். ஆனா எங்கேயோ காற்றுக்கதவு உஸ்ஸுன்னு திறந்தா காதைப் பொத்திக்குவான். அப்படி ஒரு காது."

"அப்படியா. அப்புறம்?"

"பொம்மைக்குச் சோறு ஊட்டுதுங்க. காலி கிண்ணத்துல. இந்த வயசுலயே பொய். எங்க வீட்டுல அந்த மாதிரி கிடையாது. இருக்கற ஸ்பூனை எல்லாம் வரிசையா அடுக்குவான். அப்புறம் ஒண்ணொண்ணா மேலேருந்து விடுவான்."

தரையில் பரிதி அப்போதும் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். நிலவில் எதுவும் அவசரப்பட்டு விழுவதில்லை. ஸ்பூன் ஆடி அசைந்து இறங்குவதை அவன் கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தான். செவியம்மாவும் பார்த்தது.

புதன்கிழமை, வராத நாளில், சுவர் தெளிந்திருந்த நேரத்தில் செவியம்மா தனிவழிப் பள்ளியின் மஞ்சள் கடிதத்தோடு வந்தது. மதுரவேணிக்குத் தலைகால் புரியவில்லை.

"நான் சொன்னேன்ல? ஜெமிமாவுக்குத்தானே?"

பிரித்துப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு கடிதத்தோடு நேரே நடைபாதையைத் தாண்டி, எதிர்வீட்டுக் கண்ணாடியைத் தட்டினாள். ஈரத்தலையில் துண்டோடு ரெஜினா வந்தாள்.

"என் பிள்ளையைப் பத்தி என்னக்கா சொல்லி வெச்சீங்க?"

"நான் என்னடி சொன்னேன்? வாரா வாரம் நல்ல பிள்ளைன்னு ஒரு வரி. மிச்ச நேரம் பூரா ஜெமிமா பெருமைதான் பேசினேன். வேணும்னா செவியம்மாவையே கேளு."

பின்னாலேயே வந்த செவியம்மா தொண்டையைச் செருமிக்கொண்டது. "நாப்பத்தொரு அறிக்கை, வேணிம்மா. எல்லாம் உங்க வாய்தான்." சொல்லிவிட்டு அவள் குரலிலேயே பேசிக் காட்டியது: பரிதியைப் பத்து தடவை கூப்பிடுங்க, திரும்ப மாட்டான்.

மதுரவேணி தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டாள். நடைபாதைக்கே அது புதிய காட்சி.

"ஜெமிமாவைப் பத்தி நீங்க சொன்னதைத் துறையில யாரும் படிச்சதே இல்லை" என்றது செவியம்மா. "சொந்தப் பிள்ளையைப் பத்திக் கேட்டா மறைச்சுடுவாங்க. எதிர்வீட்டுப் பிள்ளையைப் பத்திக் கேட்டா சொந்தப் பிள்ளையைப் பத்தித்தான் சொல்வாங்க. அதை வெச்சு டாக்டருங்க ஒரு மாசம் இந்தச் சுவர் வழியாப் பரிதியைப் பாத்தாங்க. அப்புறம்தான் கடிதம்."

"நான் பத்து மாசமாப் பாத்துக்கிட்டே இருந்தேனே."

"இந்தப் பக்கம் பாத்தீங்க. ஆனாலும் ரெண்டு வாரம் பாக்கி இருக்கறப்பவே சொல்லி முடிச்சுட்டீங்க. உங்களை மாதிரி வாய் இல்லாத வீடுகள்ல இடம் போயிடுது வேணிம்மா."

வீடு திரும்பியவள் நாற்காலியைச் சுற்றிப் போட்டாள். சுவர் தெளிந்திருக்கும்போது அவள் உள்பக்கம் பார்த்து உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து, தரையில் படுத்து, அவனைப் போலவே கன்னத்தை வைத்துப் பார்த்தாள். ஸ்பூன் வெளிச்சத்தைப் பிடித்துப் பிடித்து விட்டபடி இறங்கியது. நன்றாகத்தான் இருந்தது. பரிதி அவள் கையை இழுத்து அடுத்த ஸ்பூன் மேல் வைத்தான்.

திங்கட்கிழமை பரிதி பள்ளிக்குப் போனான். செவ்வாய்க்கிழமை நாற்காலி பழைய பக்கம் திரும்பியது.

"எங்க பரிதிக்கு முதல் சுற்றுலயே இடம்" என்றாள் மதுரவேணி, கண்ணாடி வழியாக எட்டு வீட்டுக்குக் கேட்கும்படி. "மூணு பிள்ளைக்கு ஒரு டீச்சர். ஸ்பூன் போடறதுக்குன்னே ஒரு அறை. ஜெமிமா பேரை அங்க யாரும் எடுக்கக்கூட இல்லையாமே, அக்கா?"

ரெஜினாவின் முகம் சுருங்கியது. அதை எட்டு வீடும் பார்த்தன.

அந்த வாரமே நடைபாதையின் கடைசி வீட்டில் ஒரு பலகை தொங்கியது: கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கச் சிறந்த முறையில் பயிற்சி தரப்படும். முதல் ஆளாக ஜெமிமாவைச் சேர்த்தார்கள். டீச்சர் பெயரைச் சொன்னதும் அவள் ஓடி வந்து, ஜன்னலுக்கு வெளியே போன பனிக்கட்டி வண்டியை விரல் நீட்டிக் காட்டி, டீச்சர் பார்க்கிறாளா என்று டீச்சர் முகத்தையும் பார்த்தாளாம்.

தேறாது என்று மதுரவேணி அப்போதே சொல்லிவிட்டாள்.