கைமாறிய கரை

கிட்ட வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. கதவோரம் இருக்கிற தங்கம், நீயும் இப்படி நடுவுலே வந்துடு. இன்னைக்கு ஒரு கதை சொல்றேன்னு வாக்குக் கொடுத்திருந்தேன் இல்லையா? பெங்களூரிலே பிளேக் வந்து தெருத்தெருவாகக் காலியாச்சே, அதற்கு முந்தின வருஷம், நம்ம மாரிகுப்பத்துத் தங்கச் சுரங்கக் கூலிக்காரங்க லைன் வீடு ஒன்றில் நடந்தது இது. நடுவில் பயம் வந்தால் சொல்லுங்க, கொஞ்சம் நிறுத்திக்கிறேன். ஆனால் முழுசாகச் சொல்லாமல் விடமாட்டேன்.

முதலில் வெறும் ஈரம்தான். மாசி அமாவாசைக்கு மறுநாள் காலை, புருஷன் ஜெயகரன் ஷிப்டுக்குப் போன பிறகு, நான்கு மாதக் குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு வாசலைப் பெருக்க வந்த லூயிசா, மண் பூசிய வாசற்படி மட்டும் கறுத்து நனைந்திருப்பதைப் பார்த்தாள். மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது, தண்ணீர் வண்டி இன்னும் லைனுக்குள் நுழையவில்லை, வீட்டில் இருந்த அரைக்குடமும் மூடியது மூடியபடியே இருந்தது. குனிந்து ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது. வெறும் உப்புக் கரிப்பாக இருந்தால் துடைத்துவிட்டுப் போயிருப்பாள். இது அழுகின கண்டல் மர இலையும், உப்பங்கழிச் சேறும், மடவை மீன் செதிலும் சேர்ந்த கரிப்பு. அவள் வாழ்க்கைப்பட்ட கண்டல்மேட்டுக் கழியின் கரிப்பு. அந்தக் கழியும் கடலும் நூறு மைலுக்கும் அப்பால், இந்த மேட்டுச் சீமையை விட்டு இறங்கிப் போனால்தான் உண்டு.

மறுநாளும் ஈரம் வந்தது. ஆனால் இரண்டு நாழிகை தள்ளி வந்தது. அதற்கு மறுநாள் இன்னும் இரண்டு நாழிகை தள்ளி. சுரங்க ஷாப்டுச் சங்கு ஊதுவதை வைத்து அவள் கணக்குப் பார்த்துக்கொண்டாள். கடலோரத்தில் பிறந்தவளுக்கு அந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டாம். கடல் பொங்கி ஓதம் ஏறுகிற கணக்கு அது.

கண்டல்மேடு என்பது ஒரு சின்னக் குப்பம். முன்னால் உப்புக் கழி, பின்னால் நல்ல தண்ணீர்ச் சதுப்பு. கோரையும் தாமரையும் நாற்பது வீட்டுக்குக் குடிக்கிற ஊற்றும் அந்தச் சதுப்பில்தான். இரண்டுக்கும் நடுவே இடுப்பு உயரக் களிமண் கரை ஒன்று, கரைக்கு முன்னால் அலையை உடைக்கக் கண்டல் மரங்கள். கரி சுடுகிறவர்கள் வந்து மரத்தை வெட்டிப் போனதிலிருந்து கழி நேராகக் கரையையே கடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் கரையில் பத்து பாக நீளம் பங்கு. அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் அந்த வீட்டுப் பெண் தன் பங்கில் போய் நின்று, நண்டு வளை ஒவ்வொன்றிலும் வைக்கோல் கலந்த களிமண்ணைத் திணித்து, குதிகாலால் மிதித்து அடைக்கவேண்டும். ஒரு வளையை விட்டாலும் போதும், அது வழியாகக் கடல் உள்ளே வந்துவிடும். ஊரை விட்டுப் போகிறவள் தன் பங்குக் கரையிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து இன்னொருத்தி கையில் வைத்து, "என் கரையை வாங்கிக்கிறியா?" என்று கேட்பாள். "வாங்கிக்கிட்டேன்" என்று அவள் வாயால் சொன்னால்தான் கரை கைமாறும்.

லூயிசாவின் பங்கு கழிவாய்க்கு நேர் எதிரே, அலை அதிகம் அடிக்கிற பங்கு. அதை யார் வாங்குவார்கள்? சுரங்கத்துக்கு ஆள் கூட்டிப்போக வந்த மேஸ்திரியின் வண்டி ரோட்டில் நிற்கிறது, விடிந்தால் கிளம்பிவிடும். ஒரு பிடி மண்ணை எடுத்துக்கொண்டு நாலு வீட்டு வாசலில் போய் நின்றாள். ஒரு கதவைக்கூடத் தட்ட வெட்கம் விடவில்லை. மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு ரயிலேறிவிட்டாள். இங்கே மாரிகுப்பத்தில் தட்டி வீடு ஒன்று கிடைத்ததும், புதுமண் குழைத்து வாசற்படி பூசும்போது, ஊர் மண் ஆயிற்றே, வீட்டுக்கு நல்லது என்று அந்த ஒரு பிடியையும் அதில் கலந்து பூசினாள். ஆசையாகத்தான் செய்தாள் பாவம்.

ஐந்தாம் நாள் வாசற்படியில் முதல் துளை தெரிந்தது. சுண்டுவிரல் நுழைகிற அளவு. துளையைச் சுற்றி, நண்டு உருட்டிப் போடுமே, மிளகு மிளகாக மண் உருண்டை, அது.

சாயங்காலம் ஜெயகரன் வந்தபோது ஒன்பது துளை இருந்தது.

"இன்னா லூயிசா, எலியா?"

"நண்டு."

"நண்டா! ரெண்டு பிடிச்சு வைக்கிறதுதானே. கோலார் தங்க வயல்லே நண்டுக் குழம்பு தின்னது நம்ம வீடுதான்னு நாளைக்கு சுரங்கத்துக்கு இறங்கறப்போ கேஜ்லே சொல்லுவேன்." சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றியவன், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். வெகுநேரம் துண்டை மடித்துக்கொண்டே இருந்தான்.

"உன்கிட்ட சொல்ல வேணாம்னு இருந்தேன். ஊர்லேர்ந்து புதுசா ஒரு ஆள் வந்து கீறான். கார்த்திகை அமாவாசை ஓதத்துலே நம்ம பங்குக் கரை உடைஞ்சு போச்சாம்."

"நம்மளுது மட்டுமா?"

"நம்மளுதுதான். ஊத்து உப்பாயிடிச்சு. கோரை எல்லாம் பட்டுப்போச்சு. ஒம்பது பேரைக் காணோமாம்." குரலைத் தாழ்த்தினான். "கரை யார் கையிலேன்னு அங்கே எல்லாரும் கேக்கறாங்களாம்."

லூயிசா தூளியைப் பார்த்தாள். தூளி ஆடிக்கொண்டிருந்தது. வாசற்படிக்கும் தூளிக்கும் நடுவே அவள் நடையில் நாலே எட்டு.

அன்றிலிருந்து கரை முறை ஆரம்பித்தது. களிமண்ணுக்கு எங்கே போவாள்? வண்டிப்பாதைச் செம்மண்ணை வாரிவந்து, வைக்கோலுக்குப் பதில் பாயின் கோரையைக் கிழித்துக் கலந்து, துளை துளையாகத் திணித்து, குதிகாலால் மிதித்தாள். மிதிக்கும்போது கீழேயிருந்து ஏதோ மெல்ல மேலே தள்ளுகிற மாதிரி பாதத்தில் தட்டும். ஓதம் இறங்கியதும் அது அடங்கிவிடும். வாசற்படியை இடித்தும் பார்த்தாள். இடித்த இடத்திலிருந்து கையளவு தண்ணீர் ஊறி வந்ததும், பதறிப்போய் அவளே திரும்பப் பூசிவிட்டாள். மாதா கோயில் தீர்த்தம் கொண்டுவந்து தெளித்தாள். அதுவும் காய்ந்து உப்பாகத்தான் பூத்தது.

பௌர்ணமி காலை, நல்ல வெயில். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே நிமிர்ந்தவள் கூரைத் தகரத்தின் அடிப்பக்கம் வெளிச்சம் நெளிவதைப் பார்த்தாள். குளத்துத் தண்ணீரில் வெயில் பட்டால் பக்கத்துச் சுவரில் நெளியுமே, அந்த வெளிச்சம். கீழே பார்த்தாள். தரை காய்ந்து கிடந்தது. மேலே அலை அலையாக வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நாழிகை. பிறகு நின்றது. நின்ற பிறகு தட்டிச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாக ஒரு உப்புக்கோடு இருந்தது. நேற்று கணுக்கால் உயரம்.

அடுத்த அமாவாசைக்கு அது எங்கே நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். தூளி தொங்குகிற உயரத்தை முழத்தால் அளந்தாள். இரண்டு தரம் அளந்தாள்.

பக்கத்து வீட்டில் மரியகுழந்தை இருந்தாள். ஆபிரகாமின் பெண்சாதி. நாற்பது வயது, பிள்ளை இல்லை, வாய் மட்டும் லைனுக்கே பெரியது. ஆர்க்காட்டுப் பக்கத்து மனுஷி, கடலைக் கண்ணால் கண்டதில்லை. லூயிசாவின் பிரசவத்தில் கூட இருந்து, கொடி சுற்றி நீலம் பாரித்து வந்த குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து அழவைத்தவள் அவள்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு மூங்கில் தட்டி. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் "நூறாயுசு" என்பாள்.

"இன்னாடி, காலங்காத்தாலே திம்மு திம்முன்னு மிதிக்கிறே? தரைக்கு அடியிலே தங்கம் கீதா?" என்று தட்டிக்கு அப்பாலிருந்து கேட்டாள். "கீதுன்னா சொல்லு, வெள்ளைக்காரனுக்குத் தெரியாமே ஆளுக்குப் பாதி."

லூயிசாவுக்கு அழுகை வந்தது. அழுகையோடு ஒரு எண்ணமும் வந்தது. மூன்று நாள் அந்த எண்ணத்தைத் தள்ளித் தள்ளி வைத்தாள். நான்காம் நாள் வாசற்படியை ஒரு ஓரமாகச் சுரண்டி, ஒரு பிடி மண்ணை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"அடுப்பு விரிசல் விட்டுப்போச்சுன்னீங்களே அக்கா. நல்ல களிமண்ணு இது. வாங்கிக்கிறீங்களா?"

"குடு குடு. வாசல்லே நின்னு கேக்கணுமா இன்னா?"

"வாங்கிக்கிட்டேன்னு சொல்லுங்க."

"அட, இதுக்குப் பாதிரியார் வேறே வரணும் போலகீது." மரியகுழந்தை ஈரக்கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். மண்ணை வாங்கி மூடிக்கொண்டாள். "வாங்கிக்கிட்டேன். போதுமா? குழந்தையைத் தூக்கிட்டு வந்திருக்கக் கூடாதா, நீ மட்டும் வந்து நிக்கிறே. கண்ணெல்லாம் இன்னாடி இப்படிக் கீது? போய்த் தூங்கு. நான் பார்த்துக்கிறேன்."

நான் பார்த்துக்கிறேன் என்றாள் கண்ணுங்களா. குழந்தையைத்தான் சொன்னாள்.

அன்று லூயிசாவின் வாசல் காய்ந்தது. துளைகள் தூர்ந்தன. உப்புக்கோட்டை விரலால் தேய்த்தால் மாவாய் உதிர்ந்தது. அவள் இத்தனை நாள் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கினாள்.

பத்து நாள் போனது. அமாவாசை காலை விழித்தாள். ஆண்கள் எல்லாரும் கேஜில் இறங்கிப் போயிருந்தார்கள். லைனில் வெயில். எங்கோ ஒரு கோழி. தூளியில் குழந்தை காலை உதைத்துக்கொண்டிருந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

தட்டிக்கு அந்தப் பக்கம் மிதிக்கிற சத்தம்.

திம். திம்.

குதிகாலால் மிதிக்கிற சத்தம். யாரும் சொல்லித்தராத ஒருத்தி மிதிக்கிறாள்.

"லூயிசா." குரலில் இன்னும் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. "இங்கே வந்து பாரேன். அடுப்புக்குள்ளே நண்டுடி."

லூயிசா குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்தாள். மார்போடு சேர்த்துப் பிடித்தாள்.

திம். திம். திம்.

"லூயிசா, தண்ணி வருதுடி. எங்கேர்ந்து இவ்வளவு?"

கதவு நாலு எட்டில். வெளியே போய் அவள் கையிலிருந்து கரையைத் திரும்ப வாங்கிக்கொண்டால் முடிந்தது. ஒரு வார்த்தை. கால் ஒரு எட்டு வைத்தது. குழந்தை கன்னத்தில் மூச்சு விட்டது. கால் நின்றது.

"காலை எடுக்க முடியலைடி. எடுத்தா உடைஞ்சுடும் போலகீது. யாரையாவது கூப்பிடு. லூயிசா? வூட்லேதானே கீறே?"

லூயிசா குழந்தையின் வாயைப் பொத்தினாள்.

சத்தம் நின்றது.

தட்டியின் அடியில் கறுப்பாக ஈரம் ஏறியது. அந்தப் பக்கத்து ஈரம். கணுக்கால். முழங்கால். இடுப்பு. வெறும் மூங்கில் தட்டி. கைவிரல் நுழைகிற இடுக்குகள். ஒரு சொட்டுக்கூட இந்தப் பக்கம் வரவில்லை. இந்தப் பக்கத் தரையில் புழுதி. அதில் அவள் காலடி மட்டும்.

மார்பு.

தோள்.

தகரக் கூரையில், அந்த வீட்டுப் பாதியில் மட்டும், வெளிச்சம் நெளிந்தது.

பிறகு ஓதம் ஏறி நின்றது. ஏறி நிற்கிறபோது கழியில் ஒரு அமைதி வரும். அந்த அமைதி.

தட்டியின் இடுக்குகள் வழியாக முடி வந்தது. நீளமான முடி, நரை கலந்தது. தண்ணீரில்லாத இந்தப் பக்கக் காற்றில், தண்ணீரில் மிதப்பதுபோல விரிந்தது. முன்னே வந்தது. பின்னே போனது. பாசி ஆடுவதுபோல. முன்னே. பின்னே.

லூயிசா அசையவில்லை. அசைய முடியவில்லை. தட்டிக்கு அவ்வளவு கிட்டத்தில் எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை.

அவள் கைக்குள் குழந்தை திரும்பியது. முடியைப் பார்த்தது. பொக்கைவாய் திறந்து சிரித்தது. கையை நீட்டிப் பிடித்தது.

முடி நின்றது.

பிறகு, மெதுவாக, சின்ன விரல்களைச் சுற்றிக்கொண்டது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டிருந்தது.

ஓதம் இறங்க இன்னும் இரண்டு நாழிகை இருந்தது.

அவ்வளவுதான் கண்ணுங்களா. போய்ப் படுங்க. உங்க வீட்டு வாசல் என்றைக்கும் காய்ந்திருக்கட்டும். உங்க குடத்துத் தண்ணீர் இனிப்பாகவே இருக்கட்டும். ஷிப்டுக்கு இறங்கினவங்க பத்திரமாக மேலே வரட்டும், தூளியில் இருக்கிறது வளர்ந்து நடக்கட்டும். தட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்கும் இதெல்லாம் அப்படியே கிடைக்கட்டும்.